ஓடிய இதயம், துடுப்புப் போட்ட கை

ஆக்லாந்தில் எரிமலைகளுக்குப் பஞ்சமில்லை. ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன. சில மேடாக நிற்கின்றன; சில பள்ளமாகி நீர் நிறைந்து கிடக்கின்றன. மேடுகளில் ஒன்றின் அடிவாரத்தில் கார்ன்வால் பூங்கா, ஊரின் நட்டநடுவில் ஆடுமாடு மேயும் புல்வெளி. பள்ளங்களில் ஒன்று டகபுனாவிலுள்ள புபுகே ஏரி, டிராகன் படகுகள் பந்தயம் விடும் இடம். இந்த மேட்டையும் அந்தப் பள்ளத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்குக் காரணமாக அமைந்தது நோய்.

1960களின் தொடக்கத்தில், ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியர்டின் பேச்சைக் கேட்டுவிட்டு மெதுவோட்டம் பழகியவர்களில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களும் இருந்தார்கள். ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல்லையும் மர்ரே ஹால்பெர்க்கையும் ஒரே நாளில் தங்கம் வாங்க வைத்த அதே லிடியர்ட்தான். பிழைப்புக்குக் காலணித் தொழிற்சாலை, மிச்ச நேரமெல்லாம் ஓட்டம் என்று வாழ்ந்தவர். புபுகே ஏரிக்கரையில் இன்று வேறொரு கூட்டம்: மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு, இளஞ்சிவப்பு உடுப்பில் துடுப்புப் பிடிக்கும் பெண்கள். ஆக்லாந்தில் அந்த அணிக்குப் பெயர் பிங்க் டிராகன்ஸ். முன்னவர்களுக்குக் கெட்டுப்போனது இதயம்; பின்னவர்களுக்கு அறுவை பட்டது மார்பும் அக்குளும். ஓடியவர்கள் நிலத்தில், இவர்கள் நீரில். இதுவரை எல்லாம் வேற்றுமைதான்.

ஒற்றுமை தொடங்குவது 'கூடாது' என்ற சொல்லில். இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை மாரடைப்புக்கு மருந்து படுக்கை. வாரக்கணக்கில் புரளக்கூட விடமாட்டார்கள். நோயாளியை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும் 1950களின் தொடக்கத்தில் சொன்னதே அன்று துணிச்சல். உட்காருவதே துணிச்சல் என்றால் ஓடுவதை என்னவென்பது? அக்குளில் நிணக்கணுக்களை எடுத்த பெண்களுக்கும் அதே கதி. அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது, செய்தால் கை வீங்கிவிடும் என்று 1990களில்கூட அறிவுறுத்தப்பட்டது. துடுப்புப் போடுவதென்றால் என்ன? பாரத்தை ஒரே அசைவில் திரும்பத் திரும்ப இழுப்பதுதான்.

இந்தத் தடையை நம் வீடுகள் மருத்துவரைவிடக் கண்டிப்பாகக் காக்கும். மதுரையில் என் சித்தப்பாவுக்கு பைபாஸ் ஆன வருஷம், அவர் வாசல்வரை போனாலே சித்தி குரல் கொடுப்பார்: "எங்க கிளம்பிட்டீங்க?" பேப்பர்கூட ஆள் விட்டுத்தான் வரும். அக்குளில் அறுவை பட்ட ஒரு அத்தைக்குப் புடவைக் கடைப் பையைத் தூக்கவும் அனுமதி இல்லை. அன்பினால் போட்ட விலங்கு என்பதால் அதை உடைப்பது இன்னும் கஷ்டம்.

நடுவயதில் நோய் கண்டு தேறியவர் கனவைத் துரத்துகிறார் என்றால், நம் மனதில் சட்டென்று வருவது பழைய கனவு. கல்யாணத்தோடு நின்றுபோன வீணை, ஒத்திப்போட்ட காசிப் பயணம், பரணில் கிடக்கும் கதைக் கையெழுத்துப் பிரதி. இந்த இரு கூட்டத்தையும் நான் முதலில் அப்படித்தான் படித்தேன், தவறாகப் படித்தேன். ஓட வந்த, மேசை வேலை பார்த்துத் தொப்பை போட்ட வியாபாரிகள் இளமையில் ஓட்டக்காரராக ஏங்கியவர்கள் அல்லர். படகில் ஏறிய பெண்களில் பெரும்பாலோர் அதற்கு முன் துடுப்பைத் தொட்டதும் இல்லை. கனவு அவர்களிடம் முன்கூட்டி இருக்கவில்லை. எந்த உறுப்பு பழுதானதோ, எந்த அசைவு மறுக்கப்பட்டதோ, அதுவே போக வேண்டிய திசையையும் காட்டியது. இதயம் கெட்டவர் இதயத்தைத்தான் அதிகம் கேட்கும் வேலையை எடுத்தார். கை பறிபோகுமென்று பயந்தவர் கையைத்தான் நீட்டினார்.

உடற்கூறு இங்கே ஓர் உறவை ஒளித்து வைத்திருக்கிறது. இரத்தத்தைத் தள்ள இதயம் என்று ஒரு பம்பு உண்டு. நிணநீருக்கு அப்படி ஒரு மையப் பம்பு கிடையாது. குழாய்களின் சொந்தச் சுருக்கமும், சுற்றியுள்ள தசைகள் பிசைந்து கொடுக்கும் அழுத்தமும், மூச்சின் ஏற்ற இறக்கமும்தான் அதை மேலே கொண்டுபோகின்றன. ஓடுகிறவரின் கெண்டைக்கால் தசையும் இதே வேலையைச் செய்கிறது; காலில் தேங்கும் இரத்தத்தைப் பிழிந்து இதயத்துக்கு அனுப்புகிறது. ஒருவருக்குப் பம்பு பழுது, இன்னொருவருக்குக் குழாய் பழுது. இரண்டு பேருக்கும் எடுபிடியாக நின்றது தசை. நாற்காலியில் உட்கார வைத்து நாம் முதலில் முடக்குவதும் அதைத்தான்.

சான்று சேர்த்த விதத்தில் இருவரும் எதிரெதிர். ஆக்லாந்து ஓட்டக்காரர்களிடம் ஓடிய உடம்பு முதலில் வந்தது, மருத்துவம் பின்னால் வந்தது. 1962 இறுதியில் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் இங்கே வந்தார். ஐம்பதைத் தாண்டியிருந்த அவரை லிடியர்ட் கார்ன்வால் பூங்காவுக்கு அழைத்துப்போனார். மேட்டில் மூச்சு முட்டிப் பின்தங்கிய பவர்மனுக்குத் துணையாக ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பேசிக்கொண்டே வந்தார். எழுபது கடந்தவர், ஏற்கெனவே மூன்று மாரடைப்பு கண்டவர். அந்த வெட்கத்தைப் பவர்மன் ஊருக்குக் கொண்டுபோனார். இதயநோய் மருத்துவர் ஹாரிஸுடன் சேர்ந்து அவர் எழுதிய 'ஜாகிங்' 1967இல் வந்தது.

படகில் வரிசை தலைகீழ். மருத்துவர் முதலில். வான்கூவரில் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி, கை வீங்கும் என்ற நம்பிக்கையைச் சோதிப்பதற்கென்றே 1996இல் 24 பெண்களைச் சேர்த்தார். வயது 31 முதல் 62 வரை. பயிற்சி கொடுத்தார், கண்காணித்தார், படகில் ஏற்றினார். புதிதாக ஒருவருக்கும் கை வீங்கவில்லை. 1998இல் கனடிய மருத்துவ இதழில் எழுதினார். 2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் 141 பெண்களை வைத்து, ஏற்கெனவே வீங்கிய கைக்கும் முறையாகப் பாரம் தூக்குவது கேடில்லை என்று காட்டினார்கள். ஒன்று மேட்டில் கண்டுபிடித்ததைப் பிறகு எழுதி வைத்தது. மற்றது எழுதி வைக்கவே நீரில் இறங்கியது.

வரைபடத்தை விரித்தால் இன்னொரு வேடிக்கை. மெதுவோட்டம் ஆக்லாந்திலிருந்து பசிபிக் கடந்து வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இறங்கியது. முப்பதாண்டு கழித்து அதே மேற்குக் கரையிலிருந்து இளஞ்சிவப்புப் படகு பசிபிக் கடந்து ஆக்லாந்து வந்தது. கொடுத்த கடனை வேறு நாணயத்தில் திருப்பிக் கட்டியதுபோல. 2023 ஏப்ரலில் ஆக்லாந்துக்குத் தெற்கே கராபிரோ ஏரியில் உலகின் பல நாடுகளிலிருந்து இந்த அணிகள் ஒரு படகு விழாவுக்குத் திரண்டன. அந்த விழாவின் பெயரிலேயே, ஜெயிப்பதைவிடப் பங்கெடுப்பது முக்கியம் என்ற பொருள் இருக்கிறது.

செயல்முறையிலும் ஒரு கண்ணாடிப் பிம்பம். ஓட்டத்தின் விதி: பேச முடியாவிட்டால் நீ வேகமாகப் போகிறாய், குறை. ஆகவே அது வாயாடிகளின் விளையாட்டு. வீட்டுக்கடன், மருமகன், கிரிக்கெட் எல்லாம் ஓடும். படகில் பேச்சு கிடையாது. இருபது பேர் இரண்டிரண்டாக உட்கார்ந்து, முன்னால் மேளக்காரர், பின்னால் சுக்கான் பிடிப்பவர். நம் ஓடக்காரர்கள் ஏலேலோ போட்ட இடத்தில் இங்கே மேளம். ஒருத்தி அரை நொடி பிந்தினால் பின்னாலிருப்பவள் துடுப்பு அவள் துடுப்பில் மோதும்.

கரையில் கவனித்தால் ஒரு சின்னக் காட்சி கிடைக்கும். படகேறும் முன் சிலர் தோல் நிறத்தில் இறுக்கமான உறை ஒன்றைக் கையில் மாட்டுவார்கள். மணிக்கட்டில் தொடங்கி அக்குள்வரை, மடிப்பு விழாமல் கொஞ்சம் கொஞ்சமாக நீவி ஏற்ற வேண்டும். வீங்கிய கையில் வளையல் ஏறாது. பெட்டியில் கிடக்கும் அந்த வளையலைப் பற்றி நம் பெண்கள் வெளியே சொல்வதில்லை. 'இப்பல்லாம் வளையல் போடுறதில்ல' என்று முடித்துக்கொள்வார்கள். இங்கே அந்தக் கை எல்லார் முன்னாலும் நீளுகிறது.

என் சாய்வை மறைக்க வேண்டாம். மெதுவோட்டம் மிகப் பெரிதாக வென்றது; அந்த வெற்றியிலேயே தன் பிறப்பை மறந்தது. தமாக்கி கடற்கரைச் சாலையில் ஆண்டுதோறும் 8.4 கிலோமீட்டர் ஓடும் 'ரவுண்ட் த பேஸ்' கூட்டத்தில் இதய நோயாளிகளை நினைப்பவர் எத்தனை பேர்? படகு சிறிதாகவே இருக்கிறது, ஆனால் மறக்கவில்லை; நோயைச் சட்டை நிறமாகவே உடுத்தியிருக்கிறது. இறந்தவர்களுக்கும் அதில் இடம் உண்டு. பந்தயம் முடிந்ததும் படகுகளை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்தி, இளஞ்சிவப்புப் பூக்களை நீரில் விடுவார்கள். ஓட்டக் கூட்டத்துக்கு அப்படி ஒரு சடங்கு நான் கேள்விப்பட்டதில்லை. ஓடி மீண்டவர்களின் கதைதான் நம்மிடம் வருகிறது. மீளாதவர் கதை சொல்ல வருவதில்லை. அந்த வகையில் படகுதான் நேர்மையான சாட்சி. ஆனால் பயந்துபோன ஒரு ஐம்பது வயதுக்காரருக்கு நாளைக் காலையே தொடங்க எது எளிது என்று கேட்டால், படகுக்கு இருபது பேர் வேண்டும், ஓட்டத்துக்குக் காலணி போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கட்டுரைக்காகச் சாயங்காலம் கார்ன்வால் பூங்கா மேட்டில் ஓடிப் பார்த்தேன். பாதியில் ஊரிலிருந்து அம்மா அழைத்தார். அங்கே மத்தியானச் சாப்பாட்டு வேளை. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

"என்னடா இப்படி மூச்சு வாங்குது? எங்கயாவது உட்காரு."

உட்காரவில்லை, வேகத்தைக் குறைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முழு வாக்கியமாகக் கேட்க முடிந்தது.