குருவிக்கு ஒரு கூட்டம், கல்லறைக்கு ஒரு கூட்டம்... பழவேற்காட்டைத் தேடிவரும் வித்தியாச பொழுதுபோக்காளர்கள்!

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை எழுந்து, ‘சேத்துல மேயுற குருவியைப் பார்க்கப் போறேன்’ என்று கிளம்பினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘கல்லறையில இருக்கிற எழுத்தைப் படிச்சுட்டு வர்றேன்’ என்றால்? ‘உனக்கு வேற வேலையே இல்லையா?’ என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். ஆனால், இந்த இரண்டுக்காகவும் சென்னையிலிருந்து வடக்கே சுமார் 55 கி.மீ. பயணம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இறங்கும் இடம், பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர்களின் கோட்டையைப் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கும் மீனவ ஊர், கோட்டைக்குப்பம்.

‘லைஃபர்’ என்றொரு போதை

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்க, தெற்குப் பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது. குளிர்காலத்தில் இங்கே ஆயிரக்கணக்கில் பறவைகள் கூடும்.

முதல்முறை வருகிறவர்களின் கண், நேராகப் பூநாரையிடம்தான் போகும். அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து வடிகட்டிச் சாப்பிடும் பறவை அது. குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்தான். சாப்பிடும் பாசியிலும் சிறு உயிரிகளிலும் இருக்கும் நிறமிதான், வளர வளர அதற்கு இளஞ்சிவப்பைக் கொடுக்கிறது.

ஆனால், இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் பூநாரையைப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சேற்றில் ஓடிக்கொண்டிருக்கும் உள்ளான்களிடம் வந்துவிடுவார்கள். எல்லாமே பழுப்பு, எல்லாமே சின்னது, எல்லாமே ஒரே மாதிரி! கால் கறுப்பா பச்சையா, அலகு நேரா வளைவா, பறக்கும்போது இறக்கையில் வெள்ளைக் கோடு தெரியுதா என்று பார்த்துப் பார்த்துதான் பெயரைச் சொல்ல முடியும். வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்கும் இனத்துக்கு ‘லைஃபர்’ என்று பெயர். அந்த ஒரு லைஃபருக்காக மூன்று மணி நேரம் வெயிலில் நிற்பார்கள். அந்தக் குட்டி உள்ளான்களில் ‘லிட்டில் ஸ்டின்ட்’ போன்றவை ஆர்க்டிக் பகுதியில் முட்டையிட்டு, குளிருக்கு இங்கே வருபவை. எடை சுமார் முப்பது கிராம்தான். இது தெரிந்தபிறகு சேற்றைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

கல் படிக்கிறவர்கள்

கல்லறைகளைத் தேடிப்போய்ப் பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு ‘டாஃபோஃபைல்’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘டாஃபோஸ்’ என்றால் கல்லறை. இது புதுசு இல்லை. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ் அதிகாரி, சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-லேயே புத்தகமாக வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க இருக்கும் ஆர்வலர்கள், 1995-ல் தொடங்கப்பட்ட ‘ஃபைண்ட் எ கிரேவ்’ தளத்தில் கல்லறைப் படங்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பழவேற்காடு ஒரு பொக்கிஷம். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கடற்கரையில் அவர்களின் தலைநகரம் இதுதான். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. ஆனால், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் நிற்கிறது. வாசலிலேயே எலும்புக்கூடு சிற்பங்கள் வரவேற்கும். பயமுறுத்த அல்ல, ‘உனக்கும் ஒருநாள் இதுதான்’ என்று நினைவூட்ட. அந்தக் கால ஐரோப்பியர்களின் வழக்கம் அது.

கல்லைப் படிக்கத் தெரிந்தவர்கள், கல் இல்லாதவர்களையும் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இதே கரையிலிருந்து 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் துணியோடு சேர்த்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். வியாபாரிக்குக் குடும்பச் சின்னம் செதுக்கிய கல் இருக்கிறது. கப்பலேறியவர்களுக்கு இங்கே ஒரு கல்கூட இல்லை.

அப்படி என்னதான் கிடைக்குது?

இரண்டிலும் பரிசு கிடையாது, வருமானம் கிடையாது. கிடைப்பது, ஒரு புதிரை அவிழ்த்த திருப்தி. அவசரப்பட்டால் எதுவுமே கண்ணில் படாது என்பதால், மனசு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆபீஸ் பதவி, சம்பளம் எதுவும் இங்கே செல்லாது. உள்ளானைச் சரியாகச் சொல்லும் கல்லூரி மாணவிதான் அன்றைக்கு வாத்தியார். ‘இதைப் பத்திப் பேசினா காது கொடுக்கறதுக்கு இன்னும் நாலு பேர் இருக்காங்க’ என்ற நிம்மதி, எல்லாவற்றையும்விடப் பெரியது.

பொழுதுபோக்குதானே என்று விட முடியாது

இவர்கள் ‘ஈபேர்ட்’ போன்ற செயலிகளில் போடும் பட்டியல்கள் வீணாவதில்லை. 2023-ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் சுமார் 3 கோடி பதிவுகளை வைத்துத் தயாரானது. 942 இனங்களை ஆராய்ந்த அந்த அறிக்கை, வலசை வரும் கரைப்பறவைகள் குறைந்துவருவதையும் காட்டியது. அதாவது, பழவேற்காட்டுச் சேற்றில் ஓடும் அதே வகை.

அந்தச் சேறு பறவைக்கு மட்டும் சொந்தமில்லை. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் மணல்மூடினால், கடல்நீர் வரத்து குறைந்து இறாலும் மீனும் குறையும். பறவைக்கு வரும் அதே பஞ்சம் குப்பத்துக்கும் வரும். இங்குள்ள மீனவர்கள் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்துக்கு ‘பாடு’ என்று பெயர். ஒருவர் தன் முறையைத் தவறவிட்டால், அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். போட்டோவுக்காகப் படகை விரட்டும்போது கலைவது பூநாரை மட்டுமல்ல, ஒருவரின் அன்றைய பாடும்தான்.

கிளம்பும் முன்...

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பேருந்து. விடிந்தவுடன் கரையில் இருப்பது நல்லது.

* 8x42 அளவுள்ள பைனாகுலர் ஆரம்பத்துக்குப் போதும். பூநாரைக் கூட்டம் தலையைத் தூக்கிப் பார்த்தாலே, நீங்கள் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். நின்றுவிடுங்கள்.

* அனுமதியில்லாத படகில் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே நடந்த படகு விபத்தில் 22 பேர் உயிரிழந்தார்கள்.

* கல்லறை எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ மாவோ தேய்க்க வேண்டாம், கல் கெடும். காலை, மாலைச் சாய்வெயிலில் எழுத்து தானாகவே தெளியும்.

* வலை காய்கிற இடத்தில் நடக்காதீர்கள். கரையில் இருக்கும் அண்ணன்களிடம், அக்காக்களிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தப் பறவை எந்த மாதம் எந்தப் பக்கம் இறங்கும் என்பது, செயலிக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.