கைபாப் மேட்டுநிலத்து மான்கள்

ஆசிரியர் பயிற்சி பெற்ற நாள்களில் என் குறிப்பேட்டில் நான் வரைந்து வைத்திருந்த கோடு ஒன்று உண்டு. இடப்பக்கத்தில் தாழ்வாகத் தொடங்கி, மெல்ல ஏறி, பின்னர்ச் செங்குத்தாக உயர்ந்து, உச்சியை எட்டியதும் முகட்டிலிருந்து உருண்ட பாறையைப்போல் சரிந்து விழும் கோடு அது. அதன் கீழே, "கைபாப் மான்கள், 1906 முதல் 1939 வரை" என்று எழுதியிருந்தேன். ஊனுண்ணிகளை அழித்தால் தாவரவுண்ணிகள் வரம்பின்றிப் பெருகும். பெருகியவை காட்டைத் தின்று தீர்த்துப் பின் தாமும் பட்டினியால் மடியும். இதனை மாணவர்க்கு விளக்க அக்கோட்டைப்போல் எளிய கருவி வேறில்லை. பல ஆண்டுகள் அதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். ஒருநாள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்த மான்களை எண்ணியவர் யார்?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடிப் போனபோது கிட்டிய வரலாற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்தில், கிராண்டு கேன்யன் எனப்படும் மாபெரும் பள்ளத்தாக்கின் வடகரையில் அமைந்தது கைபாப் மேட்டுநிலம். பையூட் பழங்குடியினர் மொழியில் அப்பெயருக்குப் படுத்திருக்கும் மலை என்பது பொருள் என்பர். தெற்கே கொலராடோ ஆறு குடைந்த பள்ளத்தாக்கு. சுற்றிலும் வறண்ட தாழ்நிலம். நடுவே கடல்மட்டத்திற்கு மேல் 2,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் ஊசியிலைக் காடும் ஆசுப்பன் மரத் தோப்புகளும் புல்வெளிகளும். கோவேறு கழுதையின் காதுபோல் நீண்ட காதுடைய ஒருவகை மான் அங்கு மிகுதி. பையூட் மக்கள் தலைமுறை தலைமுறையாக அம்மானை வேட்டையாடி அதன் இறைச்சியை உண்டு, தோலை உடுத்து வாழ்ந்தனர். பின்னர் வந்து குடியேறிய வெள்ளையர் அம்மேட்டுநிலத்திற்கு மான்தோல் மலை என்றே பெயரிட்டு வழங்கினர். பள்ளிப் பாடநூல்களில் இம்மனித வேட்டைக்கு ஒரு வரியும் இடமில்லை. மனிதன் புகாத இயற்கையாகவே அவ்விடம் நமக்குக் காட்டப்பட்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்மறியாடுகளும் மாடுகளும் பல்லாயிரக்கணக்கில் அம்மேட்டிலே மேய்ந்தன. 1893இல் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1906ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் அதனை வேட்டை விலங்குகளின் புகலிடமாக்கினார். மான் வேட்டை தடை செய்யப்பட்டது. மானுக்குப் பகையெனக் கருதப்பட்ட விலங்குகளை ஒழிக்கும் பணியும் உடன் தொடங்கியது. மலைச்சிங்கம் என வழங்கும் பெரும்பூனை, ஓநாய், கயோட்டி என்னும் குறுநரி, காட்டுப்பூனை ஆகிய யாவும் சுடப்பட்டன, பொறிவைத்துப் பிடிக்கப்பட்டன. அங்குக் காவலராயிருந்த 'அங்கிள் ஜிம்' ஓவென்சு ஒருவரே ஐந்நூறுக்கும் மேற்பட்ட மலைச்சிங்கங்களைக் கொன்றார் என்பது அவரைப் பற்றி வழங்கிய புகழ்மொழி. 1913இல் ரூசுவெல்ட் தம் மைந்தருடன் அவ்விடம் வந்து, அவர் துணையோடு மலைச்சிங்க வேட்டையாடி, அதனை இதழொன்றில் கட்டுரையாகவும் எழுதினார். வேட்டையைத் தடுத்த சட்டமும் வேட்டையாடிய தலைவரும் ஒரே கொள்கையின் இரு கைகள். மான் நல்ல விலங்கு. அதனை உண்ணும் விலங்கு தீய விலங்கு. அன்றைய இயற்கைக் காப்பின் இலக்கணம் அதுதான். இதனைக் கண்டு நாம் நகைப்பதற்கில்லை. சிங்கப்பூரிலும் 19ஆம் நூற்றாண்டில் புலியைக் கொன்றவர்க்கு அரசு பரிசுப்பணம் கொடுத்தது.

தொடக்கத்தில் 4,000 மான்கள் இருந்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். அவை பெருகின என்பதில் ஐயமில்லை. 1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், மான் எட்டக்கூடிய உயரம்வரை மரக்கிளைகளில் இலையில்லை, இளங்கன்றுகள் தழைக்கவில்லை, குளிர்காலத்தில் விலா எலும்பு தெரிய மான்கள் நின்றன. 1924ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், வேளாண்மைச் செயலாளர் என்றி வாலசு அமைத்த குழு கைபாப்பிற்குச் சென்று பார்த்தது. மான்களின் தொகையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது குழுவின் முடிவு. உயிரோடு பிடித்து வேற்றிடம் அனுப்பலாம். அது போதாவிடில் வேட்டைக்காரர்களை அனுமதிக்கலாம். அதுவும் போதாவிடில் அரசு அலுவலரே சுட வேண்டும் என்று அது கூறிற்று.

இங்குதான் வரலாறு சிக்கலாகிறது. காடு நடுவண் அரசினுடையது. மானோ மாநிலத்தினுடையது என்றார் அரிசோனா ஆளுநர் சார்சு அண்ட். மாநிலச் சட்டத்தை மீறி வேட்டையாடியவர்கள் காட்டுத் துறையின் அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருந்தும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கொல்லப்பட்டவை சில நூறு மான்களே. உயிரோடு பிடிக்கும் முயற்சியும் பெரிதாகக் கைகூடவில்லை. அஞ்சிய மான் கூண்டில் தன்னைத்தானே மோதிக்கொண்டு மாளும் இயல்பினது.

வேட்டை வேண்டாம் என்றோர் கண்ட மாற்றுவழி, கேட்போர் எவரையும் வியக்கச் செய்வது. மான்களைக் கால்நடை ஓட்டுவதுபோல் ஓட்டி, வடகரையிலிருந்து பள்ளத்தாக்கினுள் இறக்கி, கொலராடோ ஆற்றை நீந்தச் செய்து, தென்கரைக்கு ஏற்றிவிடலாம் என்றார் மெக்கார்மிக் என்னும் ஒருவர். கரை சேரும் ஒவ்வொரு மானுக்கும் இரண்டரை டாலர் தருவதாக மாநிலம் ஒப்புக்கொண்டது. சேன் கிரே என்ற புகழ்பெற்ற நாவலாசிரியர் இதில் ஆர்வங்கொண்டு உடன் வந்தார். திரைப்படம் எடுப்போரும் படக்கருவியோடு வந்தனர். 1924ஆம் ஆண்டு டிசம்பரில், மாட்டுக்காரர்களும் நவகோ, பையூட் இனத்தவரும் மணிகளையும் தகரங்களையும் தட்டிக்கொண்டு காட்டின் குறுக்கே வரிசை பிடித்தனர். பனிப்புயல் வீசிற்று. வரிசை அறுந்தது. மான்கள் முன்னே ஓடவில்லை. ஆள்களுக்கு இடையே புகுந்து பின்னே பாய்ந்தோடின. ஒரு மான்கூட ஆற்றைக் கடக்கவில்லை. மாடு மந்தை விலங்கு, மான் அவ்வாறன்று என்னும் சிறு செய்தியைப் பையூட் கிழவர் ஒருவரிடம் கேட்டிருந்தாலே அறிந்திருப்பர் எனத் தோன்றுகிறது. சேன் கிரே மட்டும் அத்தோல்வியிலிருந்து ஒரு நாவலை எழுதிக்கொண்டார்.

அக்குளிர்காலத்திலும் அடுத்ததிலும் மான்கள் பட்டினியால் பெருந்தொகையாக மாண்டன. வேட்டைக்கு எதிராக வாதிட்ட இரு தரப்பாரும், ஒருவர் மாநில உரிமையின் பெயராலும் மற்றவர் இரக்கத்தின் பெயராலும், அச்சாவைத் தடுக்க முடியவில்லை. துப்பாக்கிக் குண்டால் ஒரு நொடியில் மாள்வதற்கும், பனியில் பல வாரம் மெலிந்து மாள்வதற்கும் இடையே அறம் எதனைத் தெரிவு செய்யும் என்பது எளிய வினா அன்று. ஆயினும் இரண்டாவது சாவை எவரும் தம் கையால் செய்யவில்லை. ஆதலின் எவர்க்கும் அது குற்றமாகத் தோன்றவில்லை. இந்தப் பகுதியை வகுப்பில் சொல்லும்போது மாணவர் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

பின்னர் நடுவண் அரசின் அலுவலரே மான்களைச் சுட்டுக் குறைக்க முற்பட்டனர். மாநிலம் அவர்களையும் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1928ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தன் நிலத்திற்கு நேரும் கேட்டைத் தடுக்க, மாநில வேட்டைச் சட்டம் எதுவாயினும், மான்களைக் கொல்லும் அதிகாரம் நடுவண் அரசுக்கு உண்டு என்பது முடிவு. ஆனால் எல்லைக்கு வெளியே கொண்டு செல்லப்படும் ஒவ்வோர் உடலிலும், அது அரசின் ஆணையால் கொல்லப்பட்டது என்பதைக் காட்டும் அடையாளச் சீட்டு இருக்க வேண்டும் என்றும் விதித்தனர். திருட்டு வேட்டைக்காரன் இத்தீர்ப்பைத் தனக்குப் போர்வையாக்கிக் கொள்ளலாகாது என்பதே நோக்கம். அதன்பின் மாநிலமும் காட்டுத் துறையும் உடன்பாட்டுக்கு வந்தன. ஆண்டுதோறும் வரையறுத்த வேட்டை அங்கு வழக்கமாயிற்று.

இக்கதையை உலகப் பாடமாக்கியவர் ஆல்டோ லியோபோல்டு. 1909இல் காட்டுத் துறையில் சேர்ந்து அரிசோனாவிற்கு வந்த இளைஞர் அவர். ஊனுண்ணிகளை ஒழிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் உரத்துக் கூறியவர். ஓநாய் ஒன்றைச் சுட்டு, அது சாகும்போது அதன் கண்ணைப் பார்த்த நினைவு பின்னாளில் அவரை விடவில்லை. அவர் 1948இல் மறைந்தார். மறுஆண்டு வெளிவந்த 'எ சாண்டு கவுண்டி அல்மனாக்' என்னும் நூலில் அந்நினைவு இடம்பெற்றுள்ளது. தம் மனமாற்றத்தை எழுத்தோடு அவர் நிறுத்தவில்லை. 1943இல் விசுகான்சின் மாநிலத்தில் மான் மிகுந்தபோது, கலைமானை மட்டுமன்றிப் பிணையையும் வேட்டையாட வேண்டும் என்று வாதாடினார். அவ்வாண்டு ஏறத்தாழ 1,28,000 மான்கள் கொல்லப்பட்டன. மக்கள் கொதித்தெழுந்து அவரை ஏசினர். பிணையைச் சுடாத வேட்டை மான்தொகையைக் குறைக்காது என்னும் உயிரியல் உண்மை, பெண்மானைச் சுடுவது இழிவு என்னும் பழைய மரபோடு மோதியது. அறிவுக்கும் மரபுக்கும் நடுவில் நின்று ஏச்சு வாங்குவது எத்தகையது என்பதை ஆசிரியர் அறிவர்.

இனி என் கோட்டிற்கு வருவோம். 1924இல் கைபாப்பில் எத்தனை மான்கள் இருந்தன? காட்டுத் துறையின் மேற்பார்வையாளர் கொடுத்த மதிப்பீடு 30,000. வந்து பார்த்துப் போனவர்கள் தத்தமக்குத் தோன்றிய எண்களைச் சொன்னார்கள். அவற்றுள் மிகப் பெரியது 1,00,000. 1941இல் ராசுமுசென் என்னும் ஆய்வாளர் வரைந்த கோடு அந்த ஓரிலட்சத்தைத் தொட்டது. லியோபோல்டு அதனை எடுத்தாண்டார். அவரிடமிருந்து பாடநூல் எழுதினோர் எடுத்தனர். ஒருவரிடமிருந்து மற்றொருவர் படியெடுக்கப் படியெடுக்கக் கோடு மேலும் வழவழப்பாயிற்று. ஊகம் என்ற குறிப்பு உதிர்ந்துபோயிற்று. 1970இல், நியூசிலாந்தில் இமயத்து வரையாடுகளை ஆராய்ந்த கிரேம் காக்லி என்பார் மூல ஆவணங்களைத் திரும்பிப் பார்த்தார். மான்கள் பெருகிப் பின் குறைந்தன என்பதற்கு மேல் அவ்வெண்களால் எதுவும் உறுதியாகாது என்றார். அன்றியும், ஊனுண்ணிகள் அழிந்த அதே காலத்தில் ஆடுமாடுகளின் தொகையும் குறைந்ததால் மானுக்கு உணவு மிகுந்தது. பெருக்கத்திற்கு இரண்டில் எது காரணம் என்று பிரித்தறிய இயலாது என்றும் காட்டினார். பாடநூல்கள் பல கைபாப்பை மெல்லக் கைவிட்டன. நம் கைக்கு வந்த நூல்களில் அது நெடுநாள் தங்கிவிட்டது என்பதைச் சற்று நாணத்தோடுதான் எழுதுகிறேன்.

அத்தோடும் முடியவில்லை. மான்களை எவரும் எண்ணாவிடினும் மரங்கள் தம் அகவையை வளையங்களில் எழுதி வைத்திருந்தன. கைபாப்பின் ஆசுப்பன் மரங்களின் அகவையை ஆராய்ந்து 2006இல் ஓர் ஆய்வுக்குழு வெளியிட்ட முடிவின்படி, 1920ஆம் ஆண்டுகளில் முளைத்து வளர்ந்த மரங்கள் அங்கே மிக அரிது. முளைத்தவற்றை மான்கள் தின்றுவிட்டன என்பதே அதற்குப் பொருந்தும் விளக்கம். ஆகவே எண் பிழையாயினும் லியோபோல்டு கண்ட காட்சி பிழையன்று.

ஊனுண்ணியா உணவா என்னும் இவ்வினா நமக்குத் தொலைவிலும் இல்லை. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோக் காட்டில் காட்டுப்பன்றிகள் சதுர கிலோமீட்டருக்கு 1996இல் 47 என்றும் 1998இல் 27 என்றும் கணக்கிடப்பட்டன. ஆய்வாளர் கூறிய காரணங்கள் இரண்டு: பன்றியை உண்ணும் புலி முதலிய விலங்குகள் அருகியமை, சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் உதிரும் பழம். குட்டியீனப் படுக்கை அமைக்கத் தாய்ப்பன்றிகள் ஒடிக்கும் இளமரங்களால் அக்காட்டின் கன்றுகள் குறைகின்றன என்றும் அவ்வாய்வு கூறுகிறது. கைபாப்பில் பிரிக்க இயலாமல் பின்னிக் கிடந்த அதே இரு காரணங்கள் பாசோவிலும் பின்னிக் கிடக்கின்றன. இங்கு மட்டும் அம்மாணவியின் வினாவுக்கு விடையுண்டு. காட்டினூடே நேர்கோடாகப் பாதை வகுத்து, அதன்வழி நடந்து, கண்ட பன்றிகளைக் குறித்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.