கே. சுப்ரமணியம்: 1971இல் சொன்ன ஒரு வாக்கியம்

1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் இராணுவத்தின் ஒடுக்குமுறை தொடங்கியது. ஆறு நாள்கள் கழித்து, மார்ச் 31 அன்று, தில்லியில் உலக விவகாரங்களுக்கான இந்திய கவுன்சில் நடத்திய கருத்தரங்கில் நாற்பத்திரண்டு வயது அதிகாரி ஒருவர் பேசினார். பாகிஸ்தான் உடைவது இந்தியாவின் நலனுக்கு உகந்தது, இத்தகைய வாய்ப்பு இனி ஒருபோதும் வாய்க்காது, இதை இந்தியா உணர வேண்டும் என்பதே அவர் கூறியதன் சாரம். பாகிஸ்தான் தரப்பில் எழுதப்படும் 1971 வரலாறுகளில் அந்த வாக்கியம் இன்றளவும் இந்தியச் சதிக்கான ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்தாளப்படுகிறது.

பேசியவர் கே. சுப்ரமணியம். 1929இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று, 1951இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். இன்றைய தலைமுறைக்கு அவரை வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் தந்தை என்றுதான் அறிமுகப்படுத்த வேண்டியுள்ளது. இந்தியாவில் வெளியுறவு, பாதுகாப்பு விவகாரங்களைப் பொதுவெளியில் விவாதிக்கும் எழுத்து ஒரு தனித்துறையாக உருப்பெற்றதில் அவருக்கு நிகரான பங்கு வேறொருவருக்கு உண்டு என்று நான் கருதவில்லை.

மொழியியல் பயின்றதால் வந்த பழக்கம், ஒரு வாக்கியத்தில் என்ன சொல்லப்பட்டது என்பதற்கு முன் அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று பார்ப்பது. ‘உணர வேண்டும்’ என்ற வினை இங்கே தில்லியை நோக்கியது. ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட அரசிடம் யாரும் பொது மேடையில் நின்று ‘உணருங்கள்’ என்று வாதாட மாட்டார்கள். அடுத்து நிகழ்ந்தவையும் இதையே காட்டுகின்றன. ஏப்ரலில் இந்தியப் படை எல்லையைக் கடக்கவில்லை. சுமார் ஒரு கோடி அகதிகள் வந்து சேர்ந்தனர். ஆகஸ்ட் 9இல் சோவியத் ஒன்றியத்துடன் உடன்படிக்கை கையெழுத்தானது. முழுப் போர் டிசம்பர் 3இல்தான் தொடங்கியது. சதியின் சாட்சியமாகக் காட்டப்படும் அவ்வாக்கியம், உண்மையில் அரசு இன்னும் இணங்கவில்லை என்பதற்கான சாட்சியம்.

ஆயினும் இஸ்லாமாபாத்தில் அதைப் படித்தவர்களை முற்றாகக் குறை கூறவும் இயலாது. சுப்ரமணியம் அப்போது பணியிலிருந்த அரசு அதிகாரி. அவர் இயக்குநராக இருந்த பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் நடந்தது. அவர் தம் கருத்தைச் சொல்கிறாரா, அரசின் கருத்தைச் சொல்கிறாரா என்பதை வெளியிலிருந்து எவ்வாறு பிரித்தறிவது? மேலும், டாக்கா பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்கள் கொல்லப்பட்டு ஒரு வாரம்கூட ஆகாத நாளில் ‘வாய்ப்பு’ என்ற சொல் என் காதில் இன்றும் நெருடுகிறது. அவருடைய எழுத்து முழுவதிலும் இந்தக் குளிர்ச்சி உண்டு. அரசே எழுவாய், மக்கள் பெரும்பாலும் சூழ்நிலையாகவே வருவார்கள்.

அணு ஆயுத விவகாரத்தில் இந்தக் குளிர்ச்சியே அவருக்குத் தெளிவைத் தந்தது எனலாம். பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடலாகாது என்று விடாமல் வாதிட்டவர் அவர். ஆனால் குண்டுகளைக் குவிக்கச் சொன்னவர் அல்லர். அணுகுண்டு போரில் பயன்படுத்தும் கருவி அன்று, எதிரியைத் தயங்கச் செய்யும் அரசியல் கருவி. எனவே குறைந்த எண்ணிக்கையே போதும் என்றார். 1999 ஆகஸ்டில் அவரைத் தலைவராகக் கொண்ட தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுமம் தயாரித்த வரைவுக் கோட்பாட்டில் ‘முதலில் பயன்படுத்துவதில்லை’ என்ற உறுதிமொழி இடம்பெற்றது. அவரைப் போர்வெறியர் என்றவர்கள் இப்பகுதியைப் படிக்கவில்லை போலும்.

2005இல் அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டை அவர் ஆதரித்தபோது பழைய நண்பர்கள் பலர் திகைத்தனர். அணிசேராமை ஒரு காலத்திற்குரிய உத்தியே, சித்தாந்தம் அன்று என்பது அவருடைய பதில். மாறியது உலகம் என்பார். அதை முழுமையாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. எதையும் உத்தி என்று சொல்லிவிட்டால் எந்த மாற்றத்திற்கும் விளக்கம் கிடைத்துவிடும் அல்லவா?

அரசை நோக்கியே எழுதினார் என்பதால் அரசுக்கு இனியவராக இருந்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. 1980இல் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது பாதுகாப்பு உற்பத்தித் துறைச் செயலாளர் பதவியிலிருந்து அவர் அகற்றப்பட்டதை ஜெய்சங்கர் 2023இல் ஒரு நேர்காணலில் நினைவுகூர்ந்தார். பழைய ஆய்வு நிறுவனத்திற்கே திரும்பி, 1987இல் ஓய்வுபெற்றபின் நாளிதழ்ப் பத்தி எழுத்தாளரானார். 1999இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டபோது, அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசு விருதைப் பெறலாகாது என்று கூறி மறுத்தார். அவர் இரண்டுமாக இருந்தவர்.

அதே ஆண்டு ஜூலையில் கார்கில் மறுஆய்வுக் குழுவின் தலைமை அவரிடம் வந்தது. 1962 போர் குறித்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை இந்திய அரசு இன்றுவரை வெளியிடவில்லை. சுப்ரமணியம் குழுவின் அறிக்கையோ 2000 பிப்ரவரியில், சில பகுதிகள் நீக்கப்பட்ட நிலையில், நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, நூலாகவும் வந்தது. தோல்விகளைப் பற்றி அரசு தன் குடிமக்களிடம் பேசும் மொழி இங்கே எவ்வளவு அரிது என்பதை எண்ணினால் இதன் எடை விளங்கும். உளவுத் தகவல்களைத் தொகுத்து ஆராயும் முறையிலிருந்த குறைகளை அது பட்டியலிட்டது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் முழுநேரப் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அப்போது அப்பதவியில் இருந்தவர் பிரஜேஷ் மிஸ்ரா. பிரதமர் வாஜ்பாயின் முதன்மைச் செயலாளரும் அவரே. அறிக்கையை வாங்கிக்கொண்ட அரசு வேறு பல பரிந்துரைகளை ஏற்றது. மிஸ்ரா 2004 மே மாதம் ஆட்சி மாறும் வரை இரு பதவிகளிலும் நீடித்தார்.