எடை, இரைச்சல், வெப்பம்: டாலிகஞ்சின் ஒளிப்பதிவுக் கருவியும் இன்றைய கணினித் தெரிவும்

ஆய்வு உதவித்தொகையில் மிச்சம்பிடித்த பணத்தைக் கொண்டு பழைய கணினியை மாற்ற முனையும் மாணவர் முன் இன்று இரண்டு பொருள்கள் நிற்கின்றன: கேமிங் மடிக்கணினி, மேசைக் கணினி. விளையாட்டுக்காக மட்டுமன்றி, பேச்சொலிப் பகுப்பாய்வு, காணொளித் தொகுப்பு, மொழி மாதிரிப் பயிற்சி ஆகியவற்றுக்காகவும் வலுவான கிராபிக்ஸ் அட்டையை நாடுவோர் பெருகிவிட்டனர். இத்தெரிவு பெரும்பாலும் 'ஆற்றலா, நகர்வா' என்ற எதிர்வாகவே முன்வைக்கப்படுகிறது. இவ்வெதிர்வு கணினிக்கு முற்பட்டது. கொல்கத்தாவின் டாலிகஞ்ச் திரைப்படக் கூடங்களில், ஒளிப்பதிவுக் கருவியை முன்னிட்டு இதே கேள்வி சுமார் கால் நூற்றாண்டுக் காலம் நிலவியது. அங்குக் கிடைத்த விடை, கேள்வியையே திருத்தியமைத்தது.

1931ஆம் ஆண்டு பிப்ரவரியில் பி. என். சர்க்கார் டாலிகஞ்சில் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பேசும்படம் இந்தியாவிற்கு வந்த ஆண்டு அது. அமெரிக்க ஒலிப்பொறியாளர் வில்ஃபோர்ட் டெமிங் அங்குப் பணியாற்றினார். 1932இல் 'டாலிவுட்' என்ற பெயரை எழுத்தில் வழங்கியவர் அவரே. ஓர் ஊர்ப்பெயர் ஒரு தொழிலின் பெயராக மாறியதற்கு ஒலிக்கருவி ஒரு காரணம் எனலாம். ஒலிப்பதிவு இயந்திரம் இருந்த இடத்திற்கு மனிதர்களே சென்றாக வேண்டியிருந்தது. டி. பி. ராஜலட்சுமி நடித்த தமிழ்ப் படமான 'வள்ளி திருமணம்' 1933இல் கல்கத்தாவின் பயனீர் ஸ்டுடியோவில் உருவானது. சென்னையில் ஏ. நாராயணனின் ஸ்ரீனிவாசா சினிடோன் 1934இல் தோன்றும்வரை, தமிழ் நடிகர் குழுக்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவிற்கும் இரயிலேறின. இயந்திரம் நிலையாக நின்றது. மொழி பயணம் செய்தது.

இயந்திரம் ஏன் நகரவில்லை? ஊமைப்படக் காலத்தில் ஒளிப்பதிவுக் கருவி எழுப்பிய இரைச்சல் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. பேச்சு வந்ததும் அந்த இரைச்சலை அடக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் மிட்செல் நிறுவனம் 1930களில் உருவாக்கிய பி.என்.சி. வகைக் கருவி, இரைச்சலைத் தடுக்கும் உறையைத் தன் உடலின் பகுதியாகவே கொண்டிருந்தது. அமைதிக்கு அது கொடுத்த விலை எடை. தனியொருவர் தோளில் வைத்துப் படமெடுக்கக்கூடிய பொருளாக அது இருக்கவில்லை.

மறுபுறத்தில், மியூனிக் நகரின் ஆர்னால்ட் அண்ட் ரிக்டர் நிறுவனம் 1937இல் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் ஆரிஃப்ளெக்ஸ் 35 கருவியை அறிமுகம் செய்தது. சுழலும் கண்ணாடி மூடியின் வழியாக, வில்லை காணும் காட்சியையே ஒளிப்பதிவாளரும் காண அது வழிசெய்தது. கையிலேந்திப் படமெடுக்கும் அளவுக்கு இலகுவானதும்கூட. ஆயின் அது இரைந்தது. படப்பிடிப்பின்போதே உரையாடலைத் தெளிவாகப் பதிய வேண்டுமெனில் தனியுறை பூட்ட வேண்டும். உறை பூட்டினால் இலகு போய்விடும். குறைக்கப்பட்ட எடை மறைந்துவிடவில்லை. இரைச்சலாக உருமாறி ஒலிப்பதிவாளரின் மேசைக்கு இடம்பெயர்ந்தது.

டாலிகஞ்சுக்குத் தெற்கே, கரியாவை ஒட்டிய போரால் கிராமத்தில் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை (1955) எடுத்தபோது, பகற்காட்சிகள் கிராமத்திலும் இரவுக்காட்சிகள் ஸ்டுடியோவிலும் படமாயின. அதையடுத்து வந்த 'அபராஜிதோ'வில் (1956) ஆரிஃப்ளெக்ஸ் பயன்பாட்டுக்கு வந்தது. காசியின் படித்துறைகளுக்கும் சந்துகளுக்கும் ஏற்ற கருவி அது. இலகுவான கருவி கைக்கு வந்தபின் ஸ்டுடியோவின் தேவை ஒழிந்திருக்க வேண்டும் என்று தோன்றலாம். நடந்தது வேறு. காசி வீட்டின் உட்புறத்தைத் திறந்தவெளியில் அமைக்கவே கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா முதலில் எண்ணியிருந்தார். மழைக்கு அஞ்சி அது கல்கத்தா ஸ்டுடியோ ஒன்றின் உள்ளே கட்டப்பட்டது. முற்றத்தில் மேலிருந்து இறங்கும் நிழலற்ற வானொளியை அரங்கினுள் உண்டாக்க இயலாது என்று வாதிட்டார் இருபத்தைந்து வயது ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. வாதம் எடுபடாதபோது அரங்கின் மேலே வெள்ளைத் துணியை வானம்போல் விரித்துக் கட்டினார். விளக்குகளைக் கீழிருந்து அத்துணியின்மீது பாய்ச்சித் திரும்பிவரும் ஒளியில் படமெடுத்தார். எதிரொளி முறை என்று பின்னாளில் புகழ்பெற்ற உத்தி இவ்வாறே பிறந்தது. 1957இல் அப்படம் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது.

இந்நிகழ்வு உணர்த்துவது எளிது. எந்தக் கருவி சிறந்தது என்ற பொதுக்கேள்விக்கு அங்கு இடமே இருக்கவில்லை. எந்தச் சுமையைப் படித்துறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், எந்தச் சுமையை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கலாம் என்பதே காட்சிதோறும் எழுந்த கேள்வி.

கணினியின் வரலாற்றிலும் சுமை இவ்வாறே இடம்பெயர்ந்துள்ளது. 1981இல் வெளிவந்த ஆஸ்போர்ன் 1 'கையடக்கமானது' என விற்கப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ, திரை 5 அங்குலம், மின்கலம் கிடையாது. தூக்கிச் செல்லலாம், ஆனால் சென்ற இடத்தில் மின்செருகி வேண்டும். தூக்கிச் செல்வதும் சென்றவிடத்தில் இயக்குவதும் ஒன்றல்ல என்ற வேறுபாட்டை அன்றைய விளம்பரச் சொல் மறைத்தது. 2008இல் உலகளவில் மடிக்கணினிகளின் காலாண்டு விற்பனை மேசைக் கணினிகளை முதன்முறையாக விஞ்சியது. அதன்பின் அந்த வேறுபாடு மேலும் மங்கியது.

கேமிங் மடிக்கணினியில் அது மீண்டும் தலைகாட்டுகிறது. என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4090 என்னும் பெயர் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறது. மேசைக் கணினிக்கான 4090 அட்டையில் 16,384 கணிப்புக் கருக்களும் 24 ஜிபி நினைவகமும் உள்ளன. அதன் மின்தேவை 450 வாட். மடிக்கணினிக்கான 4090இல் 9,728 கருக்களும் 16 ஜிபி நினைவகமும் மட்டுமே உள்ளன. அதன் அடிப்படை மின்வரம்பு 150 வாட் வரையே. ஒரே பெயர், வெவ்வேறு சில்லு. மெல்லிய உடலுக்குள் 450 வாட் வெப்பத்தை வெளியேற்ற வழியில்லை என்பதே காரணம். அடக்கப்பட்ட வெப்பம் விசிறியின் இரைச்சலாக வெளிப்படுகிறது. அதற்கும் அடங்காதபோது சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மின்கலத்திற்கும் ஓர் எல்லை உண்டு. விமான நிறுவனத்தின் சிறப்பு அனுமதியின்றி எடுத்துச் செல்லத்தக்க மின்கலத்தின் உச்சவரம்பு 100 வாட்-மணி. 150 வாட் கோரும் சில்லு மட்டுமே அதனை 40 நிமிடங்களில் தீர்த்துவிடும். முழு ஆற்றலுடன் நெடுநேரம் இயங்க வேண்டிய கேமிங் மடிக்கணினி, செருகியை விட்டு அகல முடியாத கணினியே.

மேம்படுத்துதல் என்ற சொல்லும் இரு கருவிகளிலும் ஒரே பொருள் தருவதில்லை. 1975இல் வெளியான 'பேரி லிண்டன்' படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகளுக்காக, நாசாவின் பயன்பாட்டுக்கென ட்ஸைஸ் உருவாக்கிய எஃப் 0.7 வில்லையை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் பொருத்தச் செய்தது, 1930களின் வடிவமைப்பான மிட்செல் பி.என்.சி. உடலில்தான். வில்லை மாறியது, உடல் நீடித்தது. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறையும் மேசைக் கணினிக்கு இத்தகைய ஆயுளை அளித்தது. பெட்டியும் மின்வழங்கியும் இருக்க, அட்டையை மட்டும் மாற்றலாம். டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் சாந்தனி சௌக் சந்தைக்குச் செல்பவர் உதிரியாக ஒரு பாகத்தை வாங்கி வந்து தன் கணினியைப் புதுப்பிக்க இயலும். மடிக்கணினியில் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் சிலவற்றில் மாற்றலாம். கிராபிக்ஸ் சில்லோ பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. அடுத்த மேம்பாடு என்பது அங்கு அடுத்த கொள்முதலே.

இதனால் மடிக்கணினி தவறான தெரிவு என்றாகிவிடாது. ஆண்டுதோறும் விடுதி அறை மாறுபவர், விடுமுறைதோறும் இரயிலில் ஊர் திரும்புபவர், கள ஆய்வில் மாதக்கணக்கில் தங்குபவர் ஆகியோருக்கு, சென்ற இடத்தில் மேசையும் செருகியும் கிடைக்குமெனில் கேமிங் மடிக்கணினியே ஒரே ஸ்டுடியோ. மின்தடையின்போது திறந்திருக்கும் கோப்பைக் காக்கும் மின்கலமும் அதனுள்ளேயே இருக்கிறது. மேசைக் கணினிக்கு அதற்கெனத் தனியே யூபிஎஸ் வாங்க வேண்டும். மாறாக, மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே அறையில் தங்கி, இரவு முழுவதும் கணிப்பை ஓடவிடுபவருக்கு மேசைக் கணினியே அதே பணத்தில் நீண்ட ஆயுளைத் தரும். வெளியே குறிப்பெடுக்கவும் வாசிக்கவும் கையிலுள்ள பழைய மடிக்கணினி போதும். கனமான கணிப்பை அறையில் இயங்கும் இயந்திரத்திடம் இணையவழியே ஒப்படைக்கலாம்.

ஆகவே விலைப்பட்டியலைப் பார்க்கும்முன் வகுக்க வேண்டியது வேறொரு பட்டியல்: ஒரு வாரத்தில் உயராற்றல் தேவைப்படும் மணிநேரங்கள் எத்தனை, அவற்றுள் அறைக்கு வெளியே கழிபவை எத்தனை? இரண்டாம் எண் சுழியத்தை நெருங்குமாயின், மடிக்கணினிக்குக் கூடுதலாகச் செலுத்தும் பணம், வெளியே இயக்கப்படாத ஆற்றலைத் தூக்கிச் சுமப்பதற்கான கட்டணமாகவே முடியும்.