ஸ்கொலர்ஷிப்பும் கிணற்றடிப் பாடமும்

நேற்று பாடசாலை விட்ட நேரம் தரம் 4 பிள்ளை ஒருவரின் வாப்பா என்னைத் தேடி வந்தார்.

"சேர், மகனுக்கு அடுத்த வருஷம் ஸ்கொலர்ஷிப். சுற்றாடல் பாடமென்டு புள்ளைகள வெளியில கூட்டிப் போறதக் கொஞ்சம் கொறச்சிக்கங்களேன். அந்த நேரத்துக்கு ரெண்டு பேப்பர் செய்யலாம்தானே?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். அந்தப் பயத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

1869இல் பிரித்தானியர் இங்கே பொதுப் போதனைத் திணைக்களத்தை அமைத்தார்கள். 1870களில் உதவி பெறும் பாடசாலைகளுக்கு, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை வந்தது. பரிசோதகர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிப்பார். பிள்ளை சித்தியடைந்தால்தான் பாடசாலைக்குக் காசு. வருடம் முழுக்கப் படிப்பித்தது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

நம்மவர்களில் பலர் மிஷனரிப் பாடசாலைகளுக்குப் பயந்து, பிள்ளைகளைக் குர்ஆன் மத்ரஸாவோடு நிறுத்திக்கொண்ட காலமும் அதுதான். கண்டியில் இருந்த சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கக் கல்வியோடு ஏனைய கல்வியும் வேண்டும், பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று விடாமல் எழுதினார்.

1930களில் கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தெஸ்ஸ என்ற ஊரில் ஒரு புது முயற்சி நடந்தது. கிராமத்தையே பாடமாக்கினார்கள். தோட்டம், சுகாதாரம், கைத்தொழில், ஊரைச் சுற்றிப் பார்த்துப் பதிவது என்று எல்லாம் வகுப்புக்குள் வந்தன. மொழியும் கணக்கும் அவற்றோடு சேர்ந்தே நடந்தன. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவும் அதை ஆதரித்தார். ஆனால் அது நிலைக்கவில்லை.

பெற்றோருக்குச் சந்தேகம். 'டவுன் பிள்ளைக்கு இங்கிலீஷும் உத்தியோகமும், எங்கட பிள்ளைக்கு மண்வெட்டியா?' என்ற கேள்வி. நல்ல வேலைகள் எல்லாம் ஆங்கிலம் படித்தவர்களுக்கே போன அந்த நாட்களில் அது நியாயமான கேள்விதான்.

அதே கன்னங்கராவின் காலத்தில்தான் 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தது. மத்திய கல்லூரிகள் வந்தன. கிராமத்துப் பிள்ளை அங்கே போய்ப் படிக்கப் புலமைப்பரிசிலும் வந்தது. ஏழைப் பிள்ளைக்கு அது ஓர் ஏணி. இன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஏணியைப் பிடிக்கத்தான் போட்டி.

1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்து, 1999இல் நாடு முழுக்கத் தரம் 1இல் புதிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வந்தது. தாய்மொழி, கணிதம், சமயம், இவற்றோடு சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள். விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் கலந்து நடக்க வேண்டும் என்றது. ஹந்தெஸ்ஸவில் முயன்றதற்குக் கிட்டத்தட்ட அதே சிந்தனை, அறுபது வருடம் கழித்து.

இந்தத் தவணை நாங்கள் நீர் பற்றிப் படித்தோம். பாடசாலைக் கிணற்றடிக்குப் போனோம். கயிற்றை அளந்தார்கள். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி செலவாகிறது என்று எழுதி வந்து கூட்டினார்கள். கிணற்றுக்குச் சிங்களத்தில் 'லிந்த' என்று பழகினார்கள். ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பதை இஸ்லாம் பாடத்தில் பேசினோம். கடைசியில் 'எங்கள் வீட்டுக் கிணறு' என்று ஐந்து வசனம் எழுதச் சொன்னேன். பேப்பரில் இரண்டு வசனத்தோடு நிற்கும் பிள்ளை அன்று ஒரு பக்கம் எழுதினான். நேற்று வந்தது அவனுடைய வாப்பாதான்.

அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினேன். நின்றபடியே முழுவதும் வாசித்தார். "இத இவனா எழுதினான்?" என்று கேட்டார். பிறகு, "அப்ப பேப்பர்?" என்றும் கேட்டார்.

பேப்பரும் செய்வோம் என்றேன். அவருடைய பயத்தைத் தட்டிவிட எனக்கு உரிமையில்லை. போன வருடம் நானும் அதே பயத்தில் பல சுற்றாடல் பாடவேளைகளைப் பேப்பருக்குக் கொடுத்தவன்தான். இந்த வருடம் கிணற்றடியை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் ஆசிரியர்களே, நீங்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுங்கள்.