குருதியும் அளவும்: வாபரின் மருந்தின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்த தனிமனிதரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மருந்தை உட்கொண்டவன், அதனை விற்றவன், அதன் விளைவை அளந்தவன் ஆகியோருக்கிடையே நிலவிய உறவு அதில் இடம்பெறுவது அரிது. இலக்கியப் படைப்பை அது தோன்றிய சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்கலாகாது என வாதிட்டு வரும் நாம், ஒரு மாத்திரையையும் அவ்வாறே நோக்குதல் தகும். குருதி உறைதலைத் தடுக்கும் வாபரின் அத்தகைய நோக்குக்குப் பெரிதும் இடந்தருவது.

நோயைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். காலின் ஆழ்நாளத்தில் உறைந்த குருதிக் கட்டி பெயர்ந்து, இதயத்தினூடாகச் சென்று நுரையீரல் நாடியை அடைக்கின்றது. சில வேளைகளில் மரணம் உடனடியாகவே நிகழும். உறைதலைத் தடுக்கும் மருந்து புதிய கட்டிகள் தோன்றாது காக்கின்றது. அதே மருந்து மிகுமாயின் குடலிலோ மூளையிலோ குருதி பெருகி உயிர் போகலாம். முதுமை, சிறுநீரக நோய், குடற்புண், உடன் உட்கொள்ளும் அஸ்பிரின் என்பன இவ்வாபத்தைக் கூட்டுவன. இவை நோயாளியின் உடலைச் சார்ந்தவை. ஆயின் உடலைச் சாராத காரணி ஒன்றும் உண்டு. அதுவே அளவீடு.

1920களில் வட அமெரிக்கப் புல்வெளிப் பிரதேசங்களில் மாடுகள் காரணமின்றிக் குருதி பெருகி மடிந்தன. இனிப்புக் குளோவர் எனும் தீவனப்பயிரின் பூஞ்சணம் பிடித்த வைக்கோலே காரணம் எனக் கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் கண்டார். அவ்வைக்கோலைக் கைவிடுக என்பதே உழவர்க்குக் கிடைத்த அறிவுரை. அறிவுரை சரியானதே. ஆயின் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே வேறு தீவனம் வாங்க வகையற்ற சிறு உழவனுக்கு அதனால் என்ன பயன்? 1933 பெப்ரவரியில் எட் கார்ல்சன் என்னும் உழவர், இறந்த பசுங்கன்றையும் உறையாத குருதி நிறைந்த பாற்கலனையும் அவ்வைக்கோலில் ஒரு பொதியையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலினூடே விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கு கார்ல் லிங்கின் ஆய்வுகூடம் சில ஆண்டு உழைப்பின் பின் டைகூமரோலைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வாபரின் 1948இல் எலிநஞ்சாகச் சந்தைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. அப்பெயரின் முற்பகுதி, காப்புரிமையைக் கொண்டிருந்த விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிதியத்தின் முதலெழுத்துக்களாலானது. கார்ல்சனின் பெயர் எந்த மாத்திரையிலும் இல்லை.

நுரையீரல் அடைப்பில் உறைதடுப்பு மருந்துகளின் பயனை 1960இல் பிரிஸ்டலில் பாரிட், ஜோர்டன் ஆகியோர் நடத்திய சிறிய பரிசோதனை நிறுவியது. மருந்து பெறாத 19 பேரில் ஐவர் அடைப்பினால் இறந்தனர். பெற்ற 16 பேரில் ஒருவரேனும் அக்காரணத்தால் இறக்கவில்லை. எனவே மருந்து வேண்டும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு வேண்டும் என்பதே எஞ்சிய வினா.

இவ்விடத்தே வரலாறு சுவையான திருப்பமொன்றைக் கொள்கின்றது. குருதி உறையும் நேரத்தை அளக்க 1935இல் ஆர்மண்ட் குவிக் ஒரு முறையை வகுத்தார். அதற்கு மூளை முதலிய இழையங்களிலிருந்து பெறப்படும் திரொம்போபிளாஸ்டின் எனும் சோதனைப்பொருள் தேவை. பிரித்தானியாவில் மனித மூளையிலிருந்து தயாரித்த மன்செஸ்டர் சோதனைப்பொருள் பரவியது. வட அமெரிக்காவில் கம்பெனிகள் விற்ற முயல் இழையச் சாறுகளே வழக்கிலிருந்தன. இவை உணர்திறன் குறைந்தவை. ஆகவே ஏட்டில் ஒரே விகிதம் எழுதப்பட்டிருந்தும், அமெரிக்க நோயாளி கூடுதலான மருந்தை உட்கொண்டார். இதன் விளைவை 1982இல் கனடாவின் ஹமில்டன் நகர ஆய்வாளர், கால்நாள உறைகட்டி நோயாளர் 96 பேரிடம் எடுத்துக்காட்டினர். உணர்திறன் மிக்க சோதனைப்பொருளால் அளந்து குறைந்த மருந்து கொடுக்கப்பட்டோரில் 4 வீதத்தினருக்கும், வழமைப்படி கொடுக்கப்பட்டோரில் 22 வீதத்தினருக்கும் குருதிப் பெருக்கு ஏற்பட்டது. கட்டி மீண்டும் தோன்றியதோ இரு சாராரிடத்தும் ஒரே வீதத்திலேயே. அதாவது, மருந்தின் இயல்பு என்று கருதப்பட்ட குருதிப் பெருக்கிற் பெரும்பகுதி, அளவுகோல் ஒரு பண்டமாக விற்கப்பட்டதன் விளைவாகும். 1983இல் உலக சுகாதார நிறுவனம் சோதனைப்பொருட்களைப் பொது நியமமொன்றோடு ஒப்பிடும் ஐ.என்.ஆர். என்ற விகிதத்தை ஏற்றது. நுரையீரல் அடைப்புக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்றல் வேண்டும். (திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அளவை உண்பவனின் அடக்கத்தோடு இணைக்கின்றது. இங்கோ உண்பவன் எத்துணை அடக்கமுடையவனாயினும் அளவுகோல் அவன் கையில் இல்லை.)

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் முதல் மருந்தியற் பேராசிரியரான சேனக பிபிலேயும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் வழி, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகியது. இறக்குமதியான ஏறத்தாழ 2100 மருந்துகள் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன. வணிகப்பெயரின் இடத்தில் மருந்தின் இயற்பெயர் வந்தது. 1977இல் பிபிலே மறைந்தார். அவ்வாண்டின் ஆட்சிமாற்றமும் திறந்த பொருளாதாரமும் அக்கொள்கையைத் தளர்த்தின. 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேறும் வரை அது பெரிதும் மேடைப்பொருளாகவே இருந்தது.

எனினும் வாபரினின் வரலாறு பிபிலே கொள்கைக்கு ஒரு பின்னிணைப்பை வேண்டிநிற்கின்றது. மலிவான மாத்திரை பாதி மருந்தே. மறு பாதி குருதிப் பரிசோதனை. 1900இல் பக்டீரியாவியல் நிறுவகமாகத் தொடங்கி, இன்று பொரளையில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், பரிசோதனை என்பது அரசின் பொறுப்பு என்ற மரபின் சின்னம். அம்மரபின் இன்றியமையாமையைக் கொட்டாஞ்சேனையிலிருந்து கிளினிக் கொப்பியுடன் பஸ் ஏறும் நோயாளியிடத்தே காணலாம். வாபரின் உயிர்ச்சத்து கே யின் தொழிற்பாட்டைத் தடுப்பது. அச்சத்து வல்லாரை, முருங்கையிலை, பொன்னாங்காணி முதலியவற்றில் மிகுதி. சந்தையில் கீரை மலிந்த வாரம் எண் இறங்கும், கிடையாத வாரம் ஏறும். கீரையைத் தவிர்க்கச் சொல்வது தீர்வன்று; ஒரே சீராக உண்ணச் சொல்வதே முறை. நாட்கூலியிடம் அச்சீரை எதிர்பார்ப்பது எங்ஙனம்? அவருக்கு அடிக்கடி அளந்து பார்க்கும் வசதி பிறரினும் கூடுதலாக வேண்டும். 2022இன் நெருக்கடியில் மருந்துகளோடு ஆய்வுகூடப் பொருட்களும் அரிதாகியபோது, குறைந்தது அந்த வசதியே.

இவ்வளவீட்டுத் தேவையையே நீக்கும் புதிய மருந்துகள் வந்துள்ளன. 2012இல் வெளியான பெரும் ஆய்வொன்றில், நுரையீரல் அடைப்பு நோயாளரிடையே ரிவரொக்சபான் உட்கொண்டோரில் 1.1 வீதத்தினருக்கும், பழைய முறையில் மருந்து பெற்றோரில் 2.2 வீதத்தினருக்கும் கடுங்குருதிப் பெருக்கு ஏற்பட்டது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இவ்வகையினவற்றை இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. ஆயினும் பட்டியலில் இருப்பதும் வைத்தியசாலை மருந்தகத்தில் இருப்பதும் வேறு வேறு. வாங்கும் வசதியுடையோர் ஊசியும் காத்திருப்பும் இன்றிப் புதிய மாத்திரைக்கு மாறுவர்; மற்றையோர் எலிநஞ்சின் வழிவந்த பழைய மாத்திரையுடன், அடுத்த பரிசோதனைத் திகதி குறித்த கொப்பியை மடித்துக்கொண்டு பொரளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பர்.