சிலாட் சாலை குருத்வாராவும் மகான் மகாராஜ் சிங்கும்

தலைப்பாகை கட்டிய ஜாகாக்காரரை அந்தக் காலத்தில் நம்மவர்கள் 'வங்காளி' என்றே அழைத்தார்கள். உண்மையில் அவர் பஞ்சாப் நாட்டுச் சீக்கியர். அவர்களுடைய மகான் ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

லூதியானா வட்டாரத்து ரப்போன் கிராமத்தில் பிறந்தவர் பாய் மகாராஜ் சிங். 1849-இல் வெள்ளையர் பஞ்சாபைப் பிடித்தபோது எதிர்த்து நின்றார். அந்த ஆண்டு இறுதியில் பிடிபட்டார். அங்கேயே வைத்திருந்தால் மக்கள் கொதித்தெழுவார்களே என்ற பயம்! விசாரணையே இல்லாமல் 1850-இல் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அவுட்ரம் சிறையில் கண்பார்வை மங்கியது. நாக்கில் புற்றுநோய் கண்டது. 1856 ஜூலை 5-இல் சிறையிலேயே உயிர் பிரிந்தது.

ஆனால் மக்கள் மறக்கவில்லை. அவருடைய நினைவுக் கல்லுக்குப் பூ வைத்துக் கும்பிட்டார்கள். அவரைச் சிறைவைத்த அதே அரசாங்கத்திடம் வேலை பார்த்த சீக்கியப் போலீஸ்காரர்கள் 1924-இல் சிலாட் சாலையில் குருத்வாரா கட்டினார்கள். 1966-இல் மகானின் சமாதி அங்கே வந்து சேர்ந்தது.

அங்கே போனால் தலையை மூடிக்கொள்ளுங்கள். சாதி, மதம் கேட்காமல் எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவாங்க. பிள்ளைகளே, இனிமேல் 'சீக்கியர்' என்றே சொல்லுங்கள். ஒருவரைச் சரியான பெயரால் அழைப்பதுதான் முதல் மரியாதை.